அறைக்கு ஒரு தொட்டி, கூடத்துக்கு ஒரு தொட்டி

எங்கள் விடுதிக்கு மத்தியானத்தில் ஒரு தூக்கம் உண்டு. காலையில் மலை ஏறிச் சாமி பார்த்தவர்கள் இறங்கி வந்து, மூட்டை கட்டி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். சாயங்காலம் வரவேண்டியவர்கள் இன்னும் ரயிலிலோ வேனிலோ வந்துகொண்டிருப்பார்கள். இடையில் அறைக் கதவுகளெல்லாம் திறந்து கிடக்கும். துவைத்த விரிப்புகள் மொட்டைமாடியில் காயும். தெருவில் பூக்கடைக்காரர்கள்கூடக் கூடை மேல் ஈரத்துணியைப் போர்த்திவிட்டுச் சாய்ந்திருப்பார்கள். நானும் அந்த நேரத்தில் பாதிக் கனவில்தான் அறை அறையாக நடப்பேன். யாரோ விட்டுப்போன சீப்பு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ், தலையணைக்கு அடியில் ஒரு விபூதிப் பொட்டலம் என்று கைக்கு வருவதை எடுத்துக்கொண்டே போவேன்.

அப்படி ஒரு மத்தியானம், மாடியில் கடைசி அறையின் ஜன்னல் கம்பியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்குவதைப் பார்த்தேன். பை நிறையத் தண்ணீர். தண்ணீருக்குள் வெயில். வெயிலுக்குள் ஆரஞ்சு நிறத்தில் என்னவோ அசைந்தது. எதிர்ச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெளிச்சம் நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பையை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தேன்.

பையில் இரண்டு தங்கமீன்கள் இருந்தன. முந்தின நாள் சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற வழியில் தங்கிய குடும்பம் மறந்துவிட்டுப் போயிருந்தது. ஃபோன் செய்தேன். அந்த வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே, "நாங்க ரொம்பத் தூரம் வந்துட்டோம்க்கா, நீங்களே வச்சு வளருங்க" என்றாள். பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. அதோடு இணைப்பு அறுந்தது.

ஊறுகாய் போடும் பெரிய கண்ணாடி ஜாடியைக் கழுவி, மீன்களை அதில் விட்டு, சாவி மாட்டும் பலகைக்குக் கீழே மேசையில் வைத்தேன். மோட்டார் ரூமிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த பாவா ஜாடிக்கு முன்னால் நின்றுவிட்டார்.

பாவா என்றால் என் கணவர். என் அத்தை மகன். பள்ளிப்பட்டுப் பக்கம் எங்கள் வீடுகளில் தெலுங்கும் தமிழும் ஒரே வாயில் வரும். அத்தை மகனைப் பாவா என்போம், அப்பாவை நைனா என்போம். கல்யாணத்துக்கு முன்னால் எப்படி வா பாவா, போ பாவா என்று கூப்பிட்டேனோ, ஐம்பதைத் தாண்டிய பிறகும் அப்படித்தான். எழுதும்போது மட்டும் மரியாதை வந்துவிடுகிறது.

"எங்கிருந்து வந்துதும்மே?" என்றார்.

சொன்னேன். அவர் குனிந்து, கண்ணை ஜாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விடுதி தொடங்கிய நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் மோட்டாரைப் பற்றி, விரிப்புகளைப் பற்றி, எந்த ரூமில் கீசர் வேலை செய்யவில்லை என்பதைப் பற்றி. எங்கள் மகனும் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அந்தப் பேச்சும் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அவர் திரும்பிப் பார்த்து, "இதுங்களுக்கு இந்த ஜாடி பத்தாது. ஒரு தொட்டி வாங்கணும்" என்றபோது, வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"வாங்கலாம்" என்றேன். அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு பெரிய தொட்டி. கூடத்தில், வாசலுக்கு நேரே, சும்மா கிடக்கிற வெள்ளைச் சுவர் முழுக்க. என் மனதில் இருந்தது சின்னச் சின்னத் தொட்டிகள், அறைக்கு ஒன்று. இரண்டு பேரும் "தொட்டி" என்ற ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு, இரண்டு வேறு வீடுகளைக் கனவு கண்டுகொண்டிருந்தோம் என்பது தெரிய ஒரு வாரம் ஆனது. தெரிந்த பிறகு சண்டை வந்தது. சண்டை என்றால் கத்தவில்லை. விரிப்பு மடிக்கும்போது, காய் நறுக்கும்போது, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்து மாதக்கணக்கில் பேசினோம்.

"ரூமுல வச்சா யாரு பாக்கறது? வர்றாங்க, குளிக்கிறாங்க, மலைக்குப் போறாங்க. கூடத்துல வச்சா போறவங்க வர்றவங்க எல்லாம் பாப்பாங்க" என்பார் அவர்.

"கூடத்துல யாரு பாவா உக்காருறாங்க? சாவி வாங்கறாங்க, போறாங்க. ரூமுல கதவச் சாத்தினப்புறம்தான் மனுஷங்க மனுஷங்களா இருக்காங்க."

எனக்கு அது தெரியும். நேர்த்திக்கடனுக்கு முடி இறக்கிய பெண்கள் அறைக்குள் வந்ததும் கண்ணாடி முன்னால் போய் நிற்பார்கள். வெந்நீர் கொடுக்கவோ போர்வை கொடுக்கவோ போகும்போது பார்த்திருக்கிறேன். சந்தனம் பூசிய தன் தலையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டு, யாரையோ பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். குழந்தை வேண்டி வந்தவர்கள், வழக்கு முடிய வேண்டும் என்று வந்தவர்கள், பேசாமல் கட்டிலின் இரண்டு ஓரத்திலும் உட்கார்ந்திருக்கும் புருஷன் பெண்டாட்டிகள். அந்த அறைகளில் சுவரையும் காலண்டரையும் தவிரப் பார்க்க எதுவும் இருக்காது. ஒரு சின்னக் கண்ணாடிக்குள் வாலை விசிறிக்கொண்டு ஒரு உயிர் போய்வந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் ஏன் பெரிய தொட்டி கேட்டார் என்பதை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அத்தை சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, வெளியே காத்திருக்கிற கூடத்தில் சுவரளவுக்கு ஒரு மீன்தொட்டி இருந்ததாம்.

"உள்ள விடல. எங்க போறதுன்னும் தெரியல. அது முன்னாடியே உக்காந்துகினு இருந்தேன். எனக்குப் பக்கத்துல யாரோ ஒரு ஆளு, அவரு வீட்டம்மாவும் உள்ள. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. மீனப் பாத்துகினே இருந்தோம். சாயங்காலம் அவரு எழுந்து போறப்போ என் தோளத் தொட்டுட்டுப் போனாரு" என்றார். "அந்தத் தொட்டி மட்டும் இல்லன்னா அன்னிக்கு நான் இன்னா ஆயிருப்பேனோ."

அத்தை போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

விடுதியில் அறை பெருக்க வரும் அக்காவிடம் நியாயம் கேட்டோம். அவர் துடைப்பத்தைச் சுவரில் தட்டிக்கொண்டே, "பெருசோ சின்னதோ, தண்ணி மாத்தறது யாரு? அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

கடைசியில் ஒரு புதன்கிழமை ரயிலேறி வில்லிவாக்கத்தில் இறங்கி, கொளத்தூர் மீன்கடைகளுக்குப் போனோம். தெரு நெடுகக் கடைகள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே ஒவ்வொரு கடையும் நீல வெளிச்சத்தில் முங்கிக் கிடந்தது. மோட்டார்கள் குமிழி விடும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. பெரிய தொட்டிகளில் வெள்ளிக்காசுபோல் மீன்கள் கூட்டமாகத் திரும்பும்போது முழுச் சுவரும் திரும்புவதுபோல் இருந்தது. பாவா அதற்கு முன்னால் நின்றார். நான் பின்சுவர்ப் பலகையில் வரிசையாக வைத்திருந்த சின்னத் தொட்டிகளுக்கு முன்னால் நின்றேன். ஒவ்வொன்றிலும் ஒற்றை ஃபைட்டர் மீன். கருநீலம், ரத்தச் சிவப்பு, பால்வெள்ளை. பட்டுப்புடவை முந்தானையைத் தண்ணீரில் விரித்ததுபோல் துடுப்பு.

கடைக்காரர் நல்ல பேச்சுக்காரர். "பெரிய தொட்டின்னா தண்ணி லேசுல கெடாது சார். சின்னதுன்னா இன்னா ஒரு வசதி, ஒரு மீனுக்குச் சீக்கு வந்தா அதோட போச்சு, மத்ததுக்கு ஒட்டாது."

"அப்ப எதுதான் நல்லது?" என்றேன்.

"ரெண்டும் நல்லதுதாம்மா. நான் ரெண்டும் விக்கறேன்" என்று அவரே சிரித்தார்.

பாவா என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். நான் எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று எனக்குத் தெரியாது. என் பக்கத்தில் வந்து நின்று, கடைக்காரரைப் பார்த்து, "இதையே குடுங்க. எல்லா ரூமுக்கும்" என்றார்.

"பாவா, பெரிய தொட்டி?"

"இருக்கட்டும்மே. உன் மூஞ்சியப் பாத்தேன், போதும்."

திரும்பி வரும்போது ரயிலில் எங்கள் இரண்டு பேர் மடியிலும் தண்ணீர்ப் பைகள். கண்ணாடித் தொட்டிகள் வைக்கோல் சுற்றிக் காலடியில். அரக்கோணம் தாண்டியதும் வெளிச்சம் சாய்ந்தது. ரயில் ஆட, பைகள் ஆட, மீன்கள் மட்டும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருப்பதுபோல் தெரிந்தது. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் மடியையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தூரத்தில் மலைகள் வரிசையாக எழும்பி வந்தபோது, எந்த ஊருக்குப் போகிறோம் என்பதே எனக்கு ஒரு கணம் மறந்துபோனது.

முதல் சில மாதங்கள் நான் நினைத்தபடியே நடந்தது. அறைக்குள் போகிறவர்கள் "ஐ, மீனு!" என்று கூவுவது கீழே கேட்கும். மொட்டை போட்ட ஒரு சின்னப் பெண் தொட்டியில் மூக்கை அழுத்திக்கொண்டு, "மீனுக்கும் மொட்டை போட்டுட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். தனியாக வந்திருந்த ஒரு பெரியவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்ல துணை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் படவில்லை.

பிறகு ஜனங்களின் அன்பு ஆரம்பித்தது. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் மீனுக்கும் பிரசாதம் கொடுத்தார்கள். தண்ணீரில் விபூதி போட்டார்கள். பொரி போட்டார்கள். ஒரு தொட்டியில் பஞ்சாமிர்தம் கரைந்து, பேரீச்சம்பழம் மிதந்துகொண்டிருந்தது. ஆள் வராத நாட்களில் பூட்டிக் கிடந்த அறைகளில் தண்ணீர் பச்சை பிடித்தது. தினமும் காலையில் நானும் அக்காவும் குவளையும் வாளியுமாக மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினோம்.

"நான் ரூமு பெருக்க வந்தேனா, மீனுக்குக் குளிப்பாட்ட வந்தேனா? இதுல எந்த மீனு எந்த ரூமுன்னு வேற கேக்கறீங்க" என்பார் அக்கா.

எனக்குக் கால் வலிக்கும் நாட்களில் பாவா குவளையை வாங்கிக்கொள்வார். 'அப்பவே சொன்னேனே' என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

நகரி பக்கத்திலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். அவர்கள் மகளுக்குத் தலைப்பிரசவம். ஏதோ சிக்கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மகளுக்குப் பக்கத்தில் மாமியார் இருக்க, இவர்கள் சாமியிடம் சொல்லிவிட்டுப் போக ஓடி வந்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா மாடிப்படியில் இறங்கி வந்தார். குளித்து, ஈரத் தலையை முடிந்து, மஞ்சள் புடவை கட்டியிருந்தார். இரண்டு கையாலும் மீன்தொட்டியை ஏந்திக்கொண்டிருந்தார், அபிஷேகத்துக்குப் பால் கொண்டுபோவதுபோல். உள்ளே சிவப்பு ஃபைட்டர் பக்கவாட்டில் மிதந்தது.

"அம்மா, எழுந்து பாத்தா இப்படி இருக்குதும்மா" என்றார். அவர் தமிழில் தெலுங்கு நிறையக் கலந்திருந்தது. "நான் மலைக்கு வரமாட்டேன். சாமி வேணாம்னு சொல்லிட்டாரு."

கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கணவர் தேங்காய் பழப் பையைக் கையில் பிடித்தபடி, யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் பின்னால் நின்றார். என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அப்படியெல்லாம் இல்லம்மா, மீனுக்கு வயசாகியிருக்கும் என்றேன். அவர் காதில் ஏறவில்லை. தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்கட்டிலிருந்து பாவா வந்தார். தொட்டியைப் பார்த்தார். அந்த அம்மாவுக்கு எதிரே தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"அம்மா, நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ரூமுல தண்ணி மாத்தினது நான்தான்" என்றார். "குழாத் தண்ணி. அதுல மருந்து போட்டுதான் வுடறாங்க. புடிச்சு ஒரு நாளு தொறந்து வச்சிட்டுதான் மீனுக்கு ஊத்தணும். ஆளுங்க வந்துகினு இருக்காங்கன்னு அவசரத்துல அப்படியே ஊத்திட்டேன். மீனு செத்தது என்னாலம்மா. சாமிக்கு இதுல ஒண்ணியும் இல்ல."

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "நெஜமா?"

"வாங்க, காட்டறேன்."

பாவா குழாயடிக்கு அழைத்துக்கொண்டு போனார். அந்த அம்மாவின் கையில் தண்ணீரை விட்டு, "மோந்து பாருங்க" என்றார். அந்த அம்மா உள்ளங்கையை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். பிறகு அந்தக் கையாலேயே முகத்தைக் கழுவிக்கொண்டார்.

"மருந்து வாசனைதான்" என்று கணவரிடம் தெலுங்கில் சொன்னார்.

நானும் அவர்களோடு மலைக்குப் போனேன். வழக்கமாக அந்த நேரத்தில் எனக்கு வேலை நிறைய இருக்கும். பாவாதான், "நீயும் போய்ட்டு வாம்மே, நான் பாத்துக்கறேன்" என்றார். மழை வரும்போல் இருந்தது. மேலே ஏற ஏற மேகம் படிகளில் இறங்கி வந்து எங்களைத் தொட்டது. அந்த அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்தோம். குரங்குகள் பழப் பையைப் பார்த்துக்கொண்டே கூட வந்தன. கீழே ரயில் ஒன்று சத்தமே இல்லாமல் போனது. ஏரிகள் ஈயத் தகடுபோல் கிடந்தன. மேலே போய்ச் சன்னதியில் நின்றபோது அவர் என்ன வேண்டிக்கொண்டார் என்று தெரியாது. என் கையை விடவில்லை.

மத்தியானம் அவர்கள் பஸ் ஏறிப் போனார்கள். அதுவரை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அன்று முழுக்க எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. பாவாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது. மறுநாள் காலையில் அவரே அவர்களுக்கு ஃபோன் செய்தார். கொஞ்சநேரம் "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஃபோனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்து, "பொண்ணு பொறந்திருக்குதாம். தாயும் புள்ளயும் நல்லா இருக்காங்களாம்" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சொன்னேன்: "பாவா, பெரிய தொட்டியே வாங்கிடலாம்."

அவர் உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன். "இன்னாத்துக்கு? ரூமுல மீனு இருக்கறது ஜனங்களுக்குப் புடிச்சிருக்குதே. அந்தப் பெரியவரு நல்ல துணைன்னு சொன்னாரே" என்றார்.

"வர்றவங்க ஏற்கெனவே எதையோ சுமந்துகினு வர்றாங்க. அவங்க தலமாட்டுல ஒரே ஒரு மீன வச்சு, அது செத்தா அவங்க தலையில போடக்கூடாது. கூடத்துல இருந்தா சாவும் பொழைப்பும் நம்ம பாடு."

"அதுக்குன்னு எல்லாத்தையும் எடுத்துடறதா?"

மறுபடியும் மாதக்கணக்கில் பேச்சு. இந்தத் தடவை நான் பெரிய தொட்டி பக்கம், அவர் சின்னத் தொட்டிகள் பக்கம். இடையில் ஒரு நாள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது உறைத்து, விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சிரித்தோம். அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா ஆச்சு இதுங்களுக்கு" என்றார்.

ஒரு கோடையில் பெரிய தொட்டி வந்தது. கண்ணாடிகளைக் கொண்டுவந்து கூடத்திலேயே வைத்து ஒட்டினார்கள். அந்தப் பசை காய்கிற வரைக்கும் கூடம் முழுக்கப் புளித்த வாசனை அடித்தது. பட்டறையில் சொல்லி இரும்பில் தாங்கி செய்து, கடப்பாக் கல் தரையில் நிறுத்தினோம். பாவா தண்ணீரைப் பீப்பாய்களில் பிடித்து, திறந்து வைத்து, ஆறப்போட்டு, வாளி வாளியாக ஊற்றினார். ஃபைட்டர்களை ஒன்றாக விட முடியாது, ஒன்றை ஒன்று கிழித்துவிடும். கேட்ட குழந்தைகளுக்கு ஒவ்வொன்றாகத் தொட்டியோடு கொடுத்தோம். கருநீலத்தை மட்டும் விட மனமில்லாமல் சாவி மேசையில் வைத்துக்கொண்டேன். பெரிய தொட்டிக்குள் முதலில் போனவை ஊறுகாய் ஜாடித் தங்கமீன்கள். கண்ணாடியை ஒட்டியே ஒரு நாள் முழுக்க நின்றன. அவ்வளவு இடம் இருக்கிறது என்பதை நம்பவில்லைபோல. பிறகு மற்ற மீன்கள் வந்தன.

மத்தியானங்களின் நிறமே மாறிப்போனது. வாசல் வெயில் தண்ணீரில் பட்டுத் திரும்பி, கூடத்துக் கூரையில் வலை வலையாக ஓடும். நான் தரையில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வேன். கூரையில் ஓடுவது தண்ணீரா, தொட்டியில் இருப்பது தண்ணீரா என்று தெரியாமல், மலையும் தெருவும் மெல்ல மூழ்கிப்போய், மீன்கள் படியேறிப் போவதுபோல் கனவு வரும். கண்விழித்தால் யாராவது ஒரு புது ஆள், சாவி கேட்க வந்தவர், கேட்காமல் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருப்பார். நானும் எழுப்பமாட்டேன், அவரும் எழுப்பமாட்டார்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் தெருவை அடைத்தது. எல்லா அறையும் நிரம்பி, கூடத்திலும் பாய் விரித்துவிட்டோம். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து காவடி எடுத்து நடந்தே வந்த ஒரு கூட்டம். பூக்காவடிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, மஞ்சள் துணியோடு அப்படியே படுத்துக் கிடந்தார்கள். மத்தியானம் தெருமுனையில் வெடிச் சத்தம்போல் ஒன்று கேட்டது. டிரான்ஸ்பார்மர் போய்விட்டது. ஃபேன்கள் இன்வெர்ட்டரில் கொஞ்ச நேரம் ஓடி, அதுவும் நின்றது. அவ்வளவு பேர் மூச்சும் வியர்வையும் சந்தனமும் சேர்ந்து கூடம் அனலாகக் கொதித்தது.

முதலில் கவனித்தது ஒரு பெண். அன்று காலையில்தான் முடி இறக்கியிருந்தார். "ஏம்மா, மீனுங்க இன்னா இப்படி மேல வந்து வாயத் தொறந்துகினு கீது?"

ஓடிப் போய்ப் பார்த்தேன். எல்லா மீன்களும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, வாயைக் காற்றில் நீட்டி நீட்டி மூடிக்கொண்டிருந்தன. காற்று விடும் மோட்டார் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. "கரண்டு இல்ல, தண்ணிக்குள்ள காத்து போவல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாவா ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றா இரண்டா, எல்லாம் ஒரே தண்ணீரில். ஒரே நேரத்தில் எல்லாம் போய்விடும் என்று நினைத்து, கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தார். தன் பையிலிருந்து சொம்பை எடுத்தார். தொட்டியில் முக்கி, கையை உயரத் தூக்கி, மெல்லிய தாரையாக மறுபடியும் அதிலேயே ஊற்றினார். தண்ணீர் விழுந்த இடத்தில் நுரை குதித்தது. மீன்கள் கலைந்து, திரும்பி, அந்த நுரையடிக்கே வந்தன.

"இப்படி ஊத்தினா காத்து போவும். குட்டையில மீனு புடிச்சாந்து வாளியில வைக்கறப்போ எங்க நைனா இப்படித்தான் செய்வாரு" என்றார்.

அவர் கை ஓய்ந்ததும் பக்கத்துப் பாயிலிருந்து இன்னொருவர் எழுந்து சொம்பை வாங்கிக்கொண்டார். அப்புறம் அவரவர் பையிலிருந்து சொம்பும் டம்ளரும் வந்தன. தொட்டி நீளத்துக்கு வரிசையாக நின்றார்கள். மொட்டைத் தலைகளில் சந்தனம் வெடித்திருந்தது. நடந்து நடந்து கால்கள் வீங்கியிருந்தன. கன்னத்தில் அலகு குத்தி, அன்று முழுக்கப் பேசுவதில்லை என்று விரதம் இருந்த ஒருவர், யாரையும் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினார். யாரோ தாழ்ந்த குரலில் "அரோகரா" என்றார்கள். ஊற்றும் கைகளுக்கு அது தாளமாகிவிட்டது. சத்தமாக இல்லை. தொட்டில் ஆட்டும்போது பாடுகிற மாதிரி. தண்ணீர் ஏறி ஏறி விழுந்தது. கூரையில் வெளிச்சம் உடைந்து உடைந்து ஓடியது. படுத்துக் கிடந்தவர்கள் முகத்திலும், காவடிப் பூக்களிலும், மயில் இறகுகளிலும் அது போய்வந்தது. நானும் ஒரு சொம்பு வாங்கிக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்துக்கொண்டே தூங்குவது என்றால் அன்றைக்கு எனக்கு வாய்த்ததுதான்.

பாவா டீசல் கேனோடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்தேன். கேனைக் கீழே வைத்தார். உள்ளே வரவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஓய்ந்துபோன ஒரு பெரியவர் கையிலிருந்து சொம்பை வாங்கினார். ஜெனரேட்டர் ஞாபகம் எங்கள் இரண்டு பேருக்கும் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. மோட்டார் குமிழி விட ஆரம்பித்த பிறகும் குழந்தைகள் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

சில மீன்கள் போய்விட்டன. மற்றவை பிழைத்துக்கொண்டன.

மறுநாள் காலையில் அந்தக் கூட்டம் காவடிகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. சொம்பு எடுத்த பெண் தொட்டியைக் கிட்டத்தில் வந்து பார்த்து, "தண்ணி கலங்கிப் போச்சே, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் பாவாவும் அக்காவும் ரப்பர் குழாயைப் போட்டுப் பாதித் தண்ணீரைப் பின்கட்டு முருங்கை மரத்தடிக்கு இறக்கினோம். அதில் பூவிதழ்கள், சந்தனத் துகள்கள், யாரோ போட்ட கொஞ்சம் பொரி. தண்ணீர் வேரைச் சுற்றி நின்று மெதுவாக உள்ளே போனது. பாவா குழாயைச் சுருட்டிக்கொண்டே, "பசிக்குது, இன்னா இருக்குது?" என்றார். புளிச்சாதம் இருந்தது. மூன்று பேரும் கூடத்திலேயே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டோம்.